தலைக்கு மேலே ஒரு விமானம்

சாங்கி கடற்கரைப் பூங்காவில் வார இறுதி மாலைகளில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். அவர்களில் பலர் கடலைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். விமானம் பார்க்க வந்தவர்கள். விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று பூங்காவுக்குச் சற்றுத் தெற்கே தொடங்குகிறது. அதனால், வடக்கிலிருந்து இறங்க வரும் விமானங்கள் அந்தக் கடற்கரையை மிகத் தாழ்வாகக் கடக்கின்றன. வெளியே நீண்டிருக்கும் சக்கரங்களும் வாலில் தீட்டிய சின்னமும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஆனால், எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டு, பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்து, ஒரு மணி நேரம் காத்திருந்தும் தாழப் பறக்கும் விமானம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புவோரும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையிடம் அந்த ஏமாற்றத்தை விளக்குவது எளிதன்று. அதற்குக் காரணம் காற்று.

இறக்கைகளைச் சுற்றிப் பாயும் காற்றே விமானத்தைத் தாங்குகிறது. இறங்குவதற்கு மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றுவேகம் தேவைப்படும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், தரையைத் தொடும்போது அதன் வேகம் 230 கிலோமீட்டர்தான். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 270 ஆகிவிடும். வேகம் கூடக்கூட, நிற்பதற்கு நீண்ட தூரம் ஓட வேண்டும். ஆகவே, விமானங்கள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே ஏறுகின்றன, எதிர்த்தே இறங்குகின்றன.

சாங்கியின் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, விமானங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து, பூங்காவைக் கடந்து இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, அவை தெற்கே கடல் பக்கமிருந்து இறங்கும். அப்போது பூங்காவின் பக்கம் வருபவை புறப்படும் விமானங்களே. அவை அதற்குள் உயரே ஏறிவிட்டிருக்கும். இடைப்பட்ட மாதங்களில் ஒரே நாளில் திசை மாறுவதும் உண்டு. கடலைப் பார்த்து நின்று, காற்று முகத்தில் வீசுகிறதா முதுகில் வீசுகிறதா என்று கவனியுங்கள். முதுகில் வீசினால் நல்ல சகுனம்! வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, விமானங்களின் பாதையைக் காட்டும் செயலியைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

விமானம் எவ்வளவு தாழ்வாக வரும்? அது வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கும். தரையைத் தொடும் இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் அதன் உயரம் சுமார் 50 மீட்டர்தான். அது ஏறத்தாழ 16 மாடி வீவக கட்டடத்தின் உயரம்.

அவ்வளவு அருகில் இரைச்சலும் பெரிதாக இருக்கும். தொலைவில் புள்ளியாகத் தெரியும்போதே விமானத்தைக் குழந்தைக்குக் காட்டிவிட வேண்டும். வருவது இன்னதென்று தெரிந்த குழந்தை கைதட்டும். தெரியாத குழந்தை அழும். காதுகளைப் பொத்திக்கொள்வதை முன்கூட்டியே ஒரு விளையாட்டாகப் பழக்கலாம். சிறு குழந்தைகளுக்கு இரைச்சலைத் தடுக்கும் காதுமூடிகளும் கிடைக்கின்றன.

உயரத்தில் செல்லும் விமானத்தைக் குழந்தைகள் பல நேரம் தவறான இடத்தில் தேடுவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 2 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒலி நம்மை வந்தடைய ஏறக்குறைய 6 நொடி ஆகிறது. அதற்குள் விமானம் முன்னே போய்விடும். சத்தம் வரும் இடத்தை விட்டு, அதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஆளில்லா வானூர்தியை அங்கே கொண்டுபோவதை நினைக்கவே கூடாது. விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி அதைப் பறக்கவிடுவது குற்றம். 2019 ஜூன் மாதம் சாங்கி அருகே அத்தகைய வானூர்திகள் தென்பட்டபோது, ஓர் ஓடுபாதையின் செயல்பாடு அவ்வப்போது நிறுத்தப்பட்டது. 37 விமானச் சேவைகள் தாமதமாயின.

முடிந்தால் இருட்டும்வரை இருங்கள். வடக்கே ஒன்றன்மேல் ஒன்றாக விளக்குகள் தெரியும். நம்மை நோக்கியே வருவதால் அவை அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஒவ்வொரு விளக்கும் ஒரு விமானம். எத்தனை என்று எண்ணும் வேலையைச் சிறியவர்களிடம் விட்டுவிடலாம்.