பட்ஜெரிகரைக் காட்சிக்குப் பழக்குதல்

அவுஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் வாழும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியை 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுவந்தவர் பறவையியலறிஞர் ஜோன் கூல்ட். 1925இல் அந்நாட்டில் இக்கிளிக்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. அது வகுத்த இலட்சணங்களைக் கொண்டே பிரித்தானியக் காட்சிகளில் நடுவர் தீர்ப்பளிக்கின்றனர். அகன்ற தலை, நிமிர்ந்த நிலை, கழுத்தின் முன்புறத்தில் ஆறு வட்டப் புள்ளிகள் என்பன அவற்றுட் சில.

பரிசுக்கான வேலை கூட்டிலேயே தொடங்குகிறது. குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில், வளர்ப்பவரின் குறியும் ஆண்டும் பொறித்த மூட்டில்லா வளையத்தைக் காலில் இடுதல் வேண்டும். நாள் தவறினால் பாதம் பருத்து வளையம் நுழையாது. பறவை தாம் வளர்த்ததே என்பதற்குரிய சான்றும் இல்லாது போகும்.

அடுத்தது பழக்கம். புறம் கறுப்பும் அகம் வெள்ளையுமான காட்சிக் கூண்டிற் பறவையைப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிது நேரம் விட்டுப் பழக்குக. அந்நியர் அருகே வருவதும் அதற்குப் பழகவேண்டும். எத்துணை அழகிய பறவையாயினும், அஞ்சிக் கம்பியைப் பற்றித் தொங்குமாயின் அதன் வடிவை நடுவர் காண இயலாது. மிகையான புள்ளியிறகுகளைச் சாமணத்தாற் களையலாம். அச்சத்தை அவ்வாறு களைதல் இயலாது.

தொடக்கநிலையாளருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆதலின் பல பறவைகளை வாங்கிக் குவியாது, நல்ல இரண்டொரு சோடிகளுடன் தொடங்குதலே நன்று.