புரோட்டான் சிகிச்சை: மறுபடியும் ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?



"சி.டி. எடுத்தாச்சு, எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. இப்போ கதிர் வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேனாம். எதுக்கு வீண் செலவு?" புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் புரோட்டான் சிகிச்சையில் இந்த ஸ்கேனைத் தவிர்க்கவே முடியாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மனக்குழப்பம் குறையும்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் தரமணி. அங்குள்ள அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை மையம் இதுவே முதல். மத்திய அரசின் டாடா மெமோரியல் நிறுவனமும் 2023 முதல் நவி மும்பை கார்கரில் இந்தச் சிகிச்சையை அளிக்கிறது.

சாதாரண கதிருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வழக்கமான கதிர் சிகிச்சையில் எக்ஸ்ரே உடலின் ஒரு பக்கம் நுழைந்து, கட்டியைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறும். வழியிலுள்ள நல்ல உறுப்புகளிலும் கொஞ்சம் படும். புரோட்டான் அப்படியல்ல. அது ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை சென்று, அங்கே தன் சக்தியின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் கதிர் ஏறக்குறைய இல்லை. எனவேதான் குழந்தைகளுக்கும், மூளை, கண், தண்டுவடம் ஆகியவற்றை ஒட்டிய கட்டிகளுக்கும் இதை யோசிக்கிறார்கள்.

ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று புரோட்டானுக்குத் தானாகத் தெரியாது. அதைக் கணக்கிட்டுச் சொல்வது ஸ்கேன் படம்தான். படம் தவறினால் கதிர் கட்டிக்கு முன்பே நின்றுவிடலாம். அல்லது தாண்டிப்போய் நல்ல உறுப்பில் இறங்கலாம்.

எந்த ஸ்கேன் எதற்கு?

*திட்டமிடும் சி.டி.:* முதலில் எடுத்த ஸ்கேன் நோய் என்ன என்று கண்டறிய எடுத்தது. இது சிகிச்சையின்போது படுக்கும் அதே நிலையில், முகத்துக்கு அச்சு வார்த்த மாஸ்க் போட்டு எடுப்பது. எலும்பு, கொழுப்பு, தசை, காற்று ஒவ்வொன்றும் புரோட்டானை எவ்வளவு தடுக்கும் என்பதை இந்தப் படத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். சி.டி. எக்ஸ்ரேயால் எடுக்கப்படுவதால் இந்தக் கணக்கில் சுமார் 3 சதவீதம் பிசகு வரலாம். 15 செ.மீ. ஆழத்தில் அது ஏறக்குறைய 5 மி.மீ. அதற்கும் இடம் விட்டுத்தான் மருத்துவர்கள் திட்டம் போடுகிறார்கள்.

*எம்.ஆர்.ஐ.:* மூளை, நரம்பு போன்ற மென்மையான பகுதிகளில் கட்டியின் எல்லையைத் தெளிவாகக் காட்டும். இதை சி.டி. படத்தின் மேல் பொருத்திப் பார்ப்பார்கள்.

*பெட் ஸ்கேன்:* நோய் எங்கெல்லாம் தீவிரமாக இருக்கிறது என்று காட்டும். எல்லோருக்கும் தேவைப்படாது.

*4டி சி.டி.:* நுரையீரல், கல்லீரல் கட்டிகள் மூச்சோடு சேர்ந்து அசையும். அந்த அசைவையும் இதில் பதிவு செய்வார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகும், அன்றாடம் கதிர் கொடுக்கும் முன் படம் எடுத்து நிலையைச் சரிபார்ப்பார்கள். உடல் மெலிந்தாலோ, கட்டி சுருங்கினாலோ கதிர் நிற்கும் இடம் மாறிவிடும். அப்போது மீண்டும் சி.டி. எடுத்துத் திட்டத்தையே மாற்ற நேரிடும்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

• பல்லில் உலோக அடைப்பு, எலும்பில் பிளேட், பேஸ்மேக்கர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். உலோகம் சி.டி. படத்தைக் குலைக்கும், எம்.ஆர்.ஐ. அறையில் ஆபத்தும் உண்டு. கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

• எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லும் முன் ஹிஜாப் ஊசி, காந்தப் பின், நகை, உலோகத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சுர்மா, கண்மை இட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். பெண் ஊழியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

• தலைக்கு மாஸ்க் வார்க்கும் நாளில் முடி எப்படி இருந்ததோ, சிகிச்சை நாட்களிலும் அப்படியே இருக்கட்டும். கொண்டை உயர்ந்தால் மாஸ்க் சரியாகப் பொருந்தாது.

• உடலில் போட்ட மைக்கோட்டை ஒளு, குளிப்பின்போது தேய்த்து அழித்துவிடாதீர்கள். மங்கினால் நீங்களே வரையாமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

• பெட் ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கேன் முடிந்து சில மணி நேரத்துக்குக் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் சற்று விலகியிருக்க வேண்டும்.

• சிகிச்சை ரமலானில் வந்தால், நோன்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முதலிலேயே பேசுங்கள். எடை குறைவதும், சிறுநீர்ப்பையில் நீர் குறைவதும் திட்டத்தைப் பாதிக்கும். நோயாளிக்குப் பின்னர் நோற்கும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது.

எல்லோருக்கும் புரோட்டான்தான் வேண்டுமா?

இல்லை. இதற்குப் பல லட்ச ரூபாய் ஆகும். பல புற்றுநோய்களுக்கு வழக்கமான கதிர் சிகிச்சையே போதுமானது. அதற்கும் இதேபோல் ஸ்கேன் எடுத்துத்தான் திட்டமிடுகிறார்கள். 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மையத்திலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கதிர் சிகிச்சை பெறலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தெந்தச் செலவு அதில் அடங்கும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

பணம் கட்டும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் நோயாளிக்குப் புரோட்டானால் கூடுதலாக என்ன நன்மை? வழக்கமான கதிர் கொடுத்தால் எந்த உறுப்புக்கு என்ன பாதிப்பு வரலாம்? சொல்லும் தொகையில் திட்டமிடும் ஸ்கேனும், இடையில் எடுக்கும் ஸ்கேனும் அடங்குமா?

பதிலை எழுதி வாங்கி, மற்றொரு புற்றுநோய் மருத்துவரிடமும் காட்டுங்கள். நகையை அடகு வைத்தும் ஊரெல்லாம் கடன் கேட்டும் பணம் சேரும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் அதுவரை காத்திருக்காது. கைக்கெட்டும் தூரத்தில் நல்ல சிகிச்சை இருந்தால் அதைக் காலத்தோடு தொடங்குவதே நோயாளிக்கு நல்லது. அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.