உங்களுக்குத் தெரியுமா? தரைக்கு அடியில் ஒரு வானம்!

மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையம் பூமிக்கு அடியில் சுமார் 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆனால், அங்கே அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும்!

● கவிஞர் மாயகோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய இந்த நிலையம் 1938 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

● வடிவமைத்தவர் அலெக்சேய் துஷ்கின். பருத்த கல்தூண்களைத் தவிர்த்து, எஃகுச் சட்டத்தில் ஒல்லியான தூண்களை நிறுத்தினார். சுரங்கத்துக்குள் மண்டபம் போன்ற விசாலம் கிடைத்தது.

● கூரைக் குழிவுகளில் ஓவியர் அலெக்சாந்தர் தெய்னேகாவின் 34 மொசைக் ஓவியங்கள். ‘சோவியத் நாட்டின் ஒரு நாள்’ என்பதே கரு. விமானங்கள், பாராசூட் வீரர்கள் எல்லாம் கீழிருந்து பார்க்கும் கோணத்திலேயே வரையப்பட்டவை.

● இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இது ஒரு பதுங்குமிடம். 1941 நவம்பர் 6 அன்று ஸ்டாலின் உரையாற்றியதும் இங்கேதான்.