செங்கல் சுமந்த கையில் வண்ணத் தூரிகை

ஜி.டி. எக்ஸ்பிரசில் டெல்லிக்கும் சென்னைக்கும் போய் வரும் தமிழர்களுக்கு போபால் நன்கு தெரிந்த ஸ்டேஷன். வண்டி நின்றதும் இறங்கி, ஒரு டீ குடித்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்வதற்குள் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். ஊருக்குள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

ஊருக்குள்ளே பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் கரைச் சரிவில் "பாரத் பவன்" என்ற கலைக்கூடம் இருக்கிறது. கட்டடக்கலை நிபுணர் சார்லஸ் கொரியா அதை வடிவமைத்தார். 1982-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி திறப்பு விழா நடந்தது.

அந்தக் கட்டடம் எழும்பிய காலத்தில் அங்கே தலையில் செங்கல் சுமந்த சித்தாள் ஒருவர், பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்ற ஓவியர் ஆனார். அவர் பெயர் பூரி பாய்.

"நமக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது?" என்று மனதுக்குள் ஆசையைப் பூட்டி வைத்திருப்பவர்கள் அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூலி ஆறு ரூபாய்

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், குஜராத் எல்லையை ஒட்டி ஜாபுவா மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள பிடோல் என்ற கிராமம்தான் பூரி பாயின் சொந்த ஊர். பீல் என்னும் ஆதிவாசி இனத்தைச் சேர்ந்தவர்.

ஜாபுவா மேடும் பள்ளமுமான பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம் விளையும். அறுவடை முடிந்தால் வேறு வேலை கிடையாது. குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பூரி பாயும் இளம் வயதில், திருமணம் ஆன பிறகு, அப்படித்தான் போபால் வந்தார். பாரத் பவன் கட்டட வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் கூலி ஆறு ரூபாய். தாய்மொழி பீலி. இந்தி சரியாக வராது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல.

வந்தார் சாமிநாதன்

பாரத் பவனில் "ரூபங்கர்" என்ற ஓவிய, சிற்பக் காட்சியகத்தை அமைக்கும் பொறுப்பு ஜெ. சாமிநாதனிடம் இருந்தது. இவர் 1928-ம் ஆண்டு சிம்லாவில் பிறந்த தமிழர். நாடறிந்த ஓவியர்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நகரத்து ஓவியர்கள் வரைவது மட்டும் கலை, ஆதிவாசிகள் சுவரில் எழுதுவது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பேசுவதை அவர் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், சரிசமமாக வைக்க வேண்டும் என்றார். ஓவிய மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, ஆதிவாசிகளின் கைவேலைகளைத் திரட்டினார்.

தேடிக்கொண்டிருந்த கலை தன் கட்டடத்திலேயே செங்கல் சுமந்துகொண்டிருந்ததையும் அவர் கவனித்தார். வேலை செய்துகொண்டிருந்த பீல் பெண்களிடம் வந்து பேச்சுக் கொடுத்தார். உங்கள் ஊர் எது, உங்கள் சாமி எது, வீட்டுச் சுவரில் என்ன எழுதுவீர்கள் என்று விசாரித்தார். அதை இங்கே வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

"என் கூலி என்ன ஆகும்?"

பூரி பாய் உடனே தூரிகையைப் பிடித்துவிடவில்லை. உட்கார்ந்து படம் எழுதினால் செங்கல்லை யார் சுமப்பது, அன்றைய கூலியை யார் கொடுப்பது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உலை வைக்கிறவருக்கு நியாயமான கவலை.

சாமிநாதன் கூலி எவ்வளவு என்று விசாரித்தார். ஆறு ரூபாய் என்று தெரிந்தது. படம் எழுதும் நாளுக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார்.

பணக் கவலை தீர்ந்தது. ஆனால் மனக் கவலை தீரவில்லை. அதுவரை அவர் எழுதியதெல்லாம் ஊரில் மண் சுவரில்தான். சிறு வயதில் வீட்டை மெழுகி, சுவரில் மயிலும் மரமும் எழுதிய கை அது. சிவப்புக்குக் காவிக்கல், வெள்ளைக்கு வெண்களிமண், மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்கு ரொட்டிக் கல்லின் அடியில் படிந்த கரி, பச்சைக்கு இலைச்சாறு. வேப்பங்குச்சியில் துணியைச் சுற்றினால் தூரிகை. அதைக் கலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கோடி வீட்டில் கோலம் போடும் பெண்ணிடம் "நீ ஒரு ஓவியர்" என்று நாம் சொல்கிறோமா?

அப்படிப்பட்டவர் முன்னால் காகிதமும் கடை வண்ணங்களும் வைக்கப்பட்டன.

தூரிகை ஓடியது

தெரிந்ததை எழுதத் தொடங்கினார். பிறந்த ஊரின் மரம், பறவை, மிருகம், வீடு.

கடை வண்ணங்கள் அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தன. அரைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். தண்ணீரில் தோய்த்து எடுத்தால் போதும், நிறம் பளிச்சென்று வந்து விழுகிறது. அந்தச் சந்தோஷத்தைப் பின்னாளில் அவர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். உட்கார்ந்து படம் எழுதியதற்குக் காசு கொடுக்கிறார்களே என்று வியந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எனக்கு வரும்" என்ற தைரியம் வந்த பிறகு அவர் வரைய உட்காரவில்லை. பயத்தோடுதான் உட்கார்ந்தார். கை ஓட ஓடத்தான் பயம் குறைந்தது.

பெண்கள் எழுதக்கூடாத குதிரை

இன்னொரு தடையும் இருந்தது. பீல் மக்களின் வீடுகளில் "பித்தோரா" என்ற சுவர் ஓவியம் உண்டு. வேண்டுதல் நிறைவேறினால் சாமிக்குச் செலுத்தும் காணிக்கை அது. குதிரைகள்தான் அதில் முக்கியம். அதைப் பூஜை முறைப்படி ஆண்கள் மட்டுமே எழுதலாம். பெண்கள் அந்தக் குதிரையை எழுதக்கூடாது என்பது குலவழக்கம்.

பூரி பாய் அந்த வழக்கத்தோடு சண்டைக்குப் போகவில்லை. பித்தோராக் குதிரையைத் தொடாமல் ஒதுக்கி வைத்தார். மற்ற உலகம் முழுவதையும் தன்னுடையது ஆக்கிக்கொண்டார். காடு, மயில், மான், திருவிழா எல்லாம் வந்தன. போபாலில் பார்த்த பஸ், ரெயில், ஆகாய விமானம் கூட அவர் படங்களில் ஏறிக்கொண்டன.

அக்கம்பக்கத்துப் பேச்சும் இல்லாமல் போகவில்லை. சுமை தூக்க வந்தவளுக்குப் படம் எழுதக் காசா என்று சந்தேகமாகப் பேசினார்கள். வீட்டிலும் சங்கடம் வந்தது. அதையும் தாங்கிக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவும் இல்லை. படம் எழுதத் தொடங்கிய பிறகும் கூலி வேலை தொடர்ந்தது. பகலில் சுமை, கிடைத்த நேரத்தில் படம் என்று காலம் நகர்ந்தது. 1986-ல் மத்தியப் பிரதேச அரசின் "சிகர் சம்மான்" விருது கிடைத்தது. பின்னர் போபாலில் ஆதிவாசிக் கலைகளுக்கான அரசு அமைப்பில் ஓவியர் வேலையும் கிடைத்தது. 2021-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது.

போபாலில் 2013-ல் திறக்கப்பட்ட ஆதிவாசி அருங்காட்சியகத்தின் சுவர் ஒன்றில், சுமார் 70 அடி நீளத்துக்குத் தன் வாழ்க்கைக் கதையையே அவர் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். பிடோல் கிராமத்துச் சிறுமியும் அதில் உண்டு, செங்கல் சுமந்த பெண்ணும் உண்டு.

மாலை வகுப்பு மாணவர்

பூரி பாயின் கையில் தூரிகையைக் கொடுத்த சாமிநாதனின் கதையும் சம்பளக்காரர்களுக்குப் பழக்கமானதுதான்.

அவர் ஆரம்பத்தில் டெல்லியில் பத்திரிகை வேலை பார்த்தவர். ஓவிய ஆசையால் டெல்லி பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பில் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்ற இரட்டைச் சுமை தாங்காமல் பாதியில் விட்டுவிட்டார். ஆனால் ஓவியத்தை விடவில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகுதான் ஓவியராகப் பெயர் எடுத்தார். 1990 வரை பாரத் பவனில் பொறுப்பு வகித்தார். 1994-ல் காலமானார்.

ரூபங்கர் சேகரித்த ஆதிவாசிக் கலைப் பொருள்களைப் பற்றி 1987-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள் "உணரும் விரல்கள்". மூளைக்குத் தெரியாததையும் விரல் அறியும் என்று அவர் நம்பினார்.

புள்ளியில் தொடங்கலாம்

பீல் ஓவியத்தில் உருவத்தின் உள்ளே வரிசை வரிசையாகப் புள்ளிகள் வைப்பார்கள். அது அவர்கள் சாப்பிடும் மக்காச்சோள மணியைக் குறிக்கும் என்பார்கள். ஒரு மயிலுக்குள் நூற்றுக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொருவர் புள்ளி வைக்கும் முறையும் ஒரு விதம். பழகியவர்கள் புள்ளியைப் பார்த்தே வரைந்தது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு புள்ளியில் எந்த வித்தையும் இல்லை. யாரும் வைக்கலாம். அடுத்த புள்ளியையும் அப்படியே வைக்கலாம். பொறுமையாக வைத்துக்கொண்டே போனால் மயில் எழுந்து நிற்கிறது.

தமிழர்களுக்கும் புள்ளி புதிதல்ல. பம்பாய் தாராவியில் ஒண்டுக் குடித்தன வாசலிலும், டெல்லி குவார்ட்டர்ஸ் படிக்கட்டிலும், முழ அகல இடம் கிடைத்தால் போதும், நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு மிதிபட்டு அழியும் என்று தெரிந்தும் போடுகிறார்கள். போட்டு முடித்து ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறார்களே, அந்தச் சந்தோஷத்துக்கு விலை ஏது?

பள்ளியில் படம் வரைந்து வாத்தியாரிடம் நல்ல பெயர் வாங்கி, வேலைக்கு வந்த பிறகு பென்சிலை மறந்தவர்கள் எத்தனை பேர்! ஊரில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவர்கள், களிமண்ணில் பொம்மை செய்தவர்கள், கூடை முடைந்தவர்கள், இப்போது பேரேட்டைப் புரட்டிக்கொண்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். "இனிமேல் எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்விதான் கையைக் கட்டிப்போடுகிறது.

எல்லாருக்கும் பத்மஸ்ரீ வராது. சாமிநாதனைப் போல ஒருவர் வந்து கூப்பிடுவதும் எல்லாருக்கும் நடக்காது. ஆனால் ஒரு நோட்டும் நாலு வண்ணப் பென்சிலும் ஒரு நாள் டீச் செலவுக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் படம் கோணலாக வந்தால் என்ன, கிழித்துப் போடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வண்டி போபாலில் நிற்கும். டீயை வாங்கிக்கொண்டு ஏறும்போது, இந்த ஊரில் ஆறு ரூபாய்க்குச் செங்கல் சுமந்த பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வைத்த முதல் புள்ளியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.