மழுப்பலான நிபந்தனை: சந்தேகத்தின் பலன் யாருக்கு?

‘நியாயமான, வழக்கமான செலவு மட்டுமே வழங்கப்படும்.’ மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் இந்தப் பொருளில் ஒரு வரி இருக்கும். வாங்கும்போது உறுத்தாது. ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு நிறுவனம் இந்த வரியைக் காட்டும்போதுதான், எது நியாயம், எது வழக்கம் என்ற கேள்வி எழும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை.

சட்டம் யார் பக்கம்?

பாலிசியின் வாசகங்களை எழுதுவது நிறுவனம். நாம் கையெழுத்து மட்டுமே போடுகிறோம். அதனால் ஒரு நிபந்தனைக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே நீதிமன்றங்கள் ஏற்கின்றன.

சாலை வேலைக்கு வந்த புல்டோசரின் அதிர்வில் ஓர் அச்சகத்தின் கட்டடமும் இயந்திரங்களும் சேதமாயின. வாகனத் தாக்கத்துக்குக் காப்பீடு இருந்தும், ‘வாகனம் மோதவில்லையே’ என்று நிறுவனம் கையை விரித்தது. ‘தாக்கம்’ என்ற சொல்லுக்கு அதிர்வையும் சேர்த்துப் பொருள் கொள்ளலாம் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் அச்சகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால், ‘இந்த நோய்க்குக் கிடையாது’ என்று தெளிவாக எழுதியிருந்தால் இந்த விதி கைகொடுக்காது.

வாங்கும்போது

* மருத்துவ பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்.
* ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.
* புதிய பாலிசி பிடிக்காவிட்டால், கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

கிளெய்மை மறுத்தால்

* எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘வழக்கமான செலவு’ என்பது அதே வட்டாரத்தில் அதே போன்ற சிகிச்சைக்கு வாங்கப்படும் கட்டணத்தை ஒட்டியது. எந்த மருத்துவமனைகளோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.
* நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம்.
* நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். ரூ.50 லட்சம் வரை இழப்பீடு வழங்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.
* இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் வழியுண்டு.

எங்கே முதலில் போவது என்பது முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்கமாட்டார். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால், காலக்கெடு முடியுமுன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.