உங்களுக்குத் தெரியுமா? – விட்டுப் போவதற்காகவே ஆடும் டூர்

கோல்ஃப் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்போம். அமெரிக்காவின் கார்ன் ஃபெரி டூரில் ஒரு சீசன் சுற்றி வந்தவரிடம் அப்படிச் சொன்னால் சிரித்துவிடுவார். பிஜிஏ டூர் என்ற பெரிய மேடைக்கு ஒரு படி கீழே இருக்கும் டூர் இது. அங்கே ஆடும் யாருக்கும் அடுத்த வருடமும் அங்கேயே ஆட ஆசை கிடையாது.

● 1990-ல் தொடங்கியபோது இதன் பெயர் பென் ஹோகன் டூர். பிறகு நைக்கி, பை.காம், நேஷன்வைட், வெப்.காம் என்று பெயர் மாறிக்கொண்டே வந்து, 2019-ல் கார்ன் ஃபெரி ஆனது. பணம் போடும் நிறுவனம் மாறினால் பெயர்ப்பலகையும் மாறும். அந்த முதல் பெயர்தான் பொருத்தமானது என்பேன். பின்னாளில் ஜாம்பவானான ஹோகன், தொடக்கத்தில் கையில் காசில்லாமல் ஊர் ஊராகப் போய் ஆடியவர். 1938-ல் ஓக்லாந்து போட்டியின்போது அவர் காரின் சக்கரங்களையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

● முதல் சீசனில் 30 போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மொத்தப் பரிசு 1 லட்சம் டாலர். சீசன் முடிவில் முதல் ஐந்து பேருக்கு மட்டும் பிஜிஏ டூர் ‘கார்டு’, அதாவது அடுத்த ஆண்டு அங்கே ஆடும் உரிமை. முதலிடம் பிடித்த ஜெஃப் மேகர்ட் அந்த ஆண்டு முழுக்கச் சம்பாதித்தது 1,08,644 டாலர்.

● இப்போது ஒரு போட்டிக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் பரிசு. ஜெயித்தவருக்கு அதில் 18 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு நாள் போட்டியில் இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’ விழும். முதல் 65 இடங்களுக்கு வெளியே போனவருக்கு ஒரு காசு கிடையாது. விமான டிக்கெட், சாப்பாடு, பை தூக்கும் கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் அவர் கைக்காசு. அறை வாடகையாவது மிச்சமாகட்டும் என்று உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கி ஆடும் வீரர்கள் உண்டு.

● 2017 ஜனவரி, பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்ஸூமா தீவு. கடலோர மைதானத்தில் பேய்க்காற்று. ஒரு வீரர் முதல் நாள் 91, மறுநாள் 95 அடித்தார் (கோல்ஃபில் எண்ணிக்கை குறையக் குறையத்தான் நல்லது). இரண்டு நாளில் அவர் தொலைத்த பந்துகள் 32! சுனாமியா, சூறாவளியா என்று கேட்காதீர்கள், வெறும் காற்றுதான்.

● இன்னொரு பக்கம் கொலம்பியத் தலைநகர் பொகோட்டா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரம். காற்று மெலிதாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே 2024 பிப்ரவரியில் சிலி நாட்டின் கிறிஸ்டோபால் டெல் சோலார் முதல் சுற்றில் 57 அடித்தார். பிஜிஏ டூர் நடத்தும் எந்தப் போட்டியிலும் அதற்குமுன் யாரும் இவ்வளவு குறைவாக அடித்ததில்லை. கோப்பை? அது வேறொருவருக்குப் போய்விட்டது.

● ஒரே சீசனில் மூன்று போட்டி வென்றால் சீசன் முடியக் காத்திருக்க வேண்டாம், உடனே மேலே போகலாம். 1997-ல் வந்த இந்த விதியால் முதலில் பயனடைந்தவர் கிறிஸ் ஸ்மித். ஆனால் கதை என்றால் ஜேசன் கோரின் கதைதான். 2005 யு.எஸ். ஓபனின் கடைசி நாள், உலகமே பார்க்க, முன்னணி ஜோடியில் ஆட இறங்கி 84 அடித்துச் சரிந்தார். வேறொருவர் என்றால் மட்டையைப் பரணில் போட்டிருப்பார். இவர் கீழ் டூருக்குத் திரும்பி, வரிசையாக மூன்று போட்டிகளை வென்றார். மூன்றாவதில் ஒரு சுற்று 59. மேலே போன சில வாரங்களிலேயே பிஜிஏ டூரிலும் ஒரு கோப்பை. அந்தப் போட்டியின் பெயர் ‘84 லம்பர் கிளாசிக்’. எண்ணைக் கவனித்தீர்களா?

● இருபது வயது நிறையும் முன்பே இந்த டூரில் வென்றவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளி அமெரிக்கர் அக்‌ஷய் பாட்டியா. ஆண்டு 2022, இடம், மேலே சொன்ன அதே எக்ஸூமா!

● அர்ஜுன் அட்வால் 2008-ல் இங்கே சட்டனூகா கிளாசிக்கை வென்றார். 2010-ல் பிஜிஏ டூர் கார்டு பறிபோயிருந்த நிலையில், திங்கள்கிழமை நடக்கும் தகுதிச்சுற்று வழியாக விண்டம் சாம்பியன்ஷிப்பில் நுழைந்து கோப்பையோடு வெளியே வந்தார். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர் அவர்.

● 2019-ல் இந்த டூரின் சிறந்த வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர். மூன்றே ஆண்டுகளில் உலகின் முதல் நிலை வீரர்.

● 2023, 2024 சீசன்களில் முதல் 30 பேருக்குக் கார்டு கிடைத்தது. 2025-லிருந்து அது 20 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது.