ஜீப் வாங்கிய காசும் கராஜுக்குப் போன காசும்

வியாபாரம் கொஞ்சம் கைகொடுத்து நாலு காசு சேர்ந்ததும் நம்மவர்கள் பலருக்கு வரும் முதல் ஆசை, ஒரு நல்ல ஜீப். எனக்கும் வந்தது.

அது 2021. முந்திய வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பாவித்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. "இன்றைக்கு விட்டால் நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது நாநா" என்றார் புரோக்கர். பதினைந்து வருடப் பழைய ஐரோப்பிய ஜீப். தோல் இருக்கைகள், கண்ணாடிக் கூரை, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. பெருநாள் சீசனுக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த பணத்தில் பாதியை எடுத்து முற்பணம் கட்டினேன். மீதிக்கு லீசிங்.

மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால், ஜீப்பின் முன்பக்கம் ஒட்டகம் மண்டியிட்டதுபோல் தரையோடு படுத்திருந்தது.

கராஜ் பாஸ் விளக்கினார். இந்த வகை ஜீப்புகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள். வயதானதும் ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுசெய்யக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துவிடும். "முதல் கசிவிலேயே கொண்டுவந்திருந்தால் ஒரு பையோடு முடிந்திருக்கும்" என்றார்.

பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தேன். பாவித்த பை கிடைத்தது, ஆனால் அதுவும் அதே வயது ரப்பர்தானே! புதியதை வெளியிலிருந்து எடுப்பித்தேன். அந்த பில் என் கடையின் இரண்டு மாத வாடகையைத் தாண்டியது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது அடுத்த பழுதுகள் வந்தன. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

இதில் நான் படித்த பாடம் ஒன்று. வயது போகப் போக ஜீப்பின் மதிப்பு குறையும். உதிரிப்பாகத்தின் விலை குறையாது.

அடுத்தது ரீகோல், அதாவது குறைபாடுள்ள வாகனங்களைக் கம்பனியே திருப்பி அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பது. பேர்போன கம்பனிகளும் இதற்கு விலக்கல்ல. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை, லெக்சஸ் ஜீஎக்ஸ் 460 வளைவில் சறுக்குகிறது, வாங்க வேண்டாம் என்று எழுதியது. டொயோட்டா அதன் விற்பனையை நிறுத்தி, வண்டிகளைத் திருப்பி அழைத்து மென்பொருளைத் திருத்தியது. ஆகவே ரீகோல் வந்த வாகனமெல்லாம் கெட்ட வாகனமல்ல. ரீகோல் வந்தும் திருத்தப்படாத வாகனம்தான் ஆபத்து.

தகாட்டா ஏர்பேக் விவகாரம் நமக்கு இன்னும் முக்கியம். அதை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட் மருந்து, நீண்ட காலச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் பழுதடைந்து, விபத்தின்போது உலோகச் சிதறல்களோடு வெடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் அந்தக் கம்பனியே வங்குரோத்தானது. நம் நாட்டுச் சூடும் ஈரமும் எப்படியென்று சொல்லத் தேவையில்லை. ரீகோல் கடிதமோ ஜப்பானில் இருந்த பழைய சொந்தக்காரருக்குப் போயிருக்கும். நம் வாசலுக்கு வராது.

எனவே வாங்குமுன்:

ஒன்று, சேஸி இலக்கத்தைக் கொண்டு ரீகோல் பாக்கி உண்டா என்று உற்பத்தியாளரின் இணையத்தளத்திலோ முகவரிடமோ பாருங்கள்.

இரண்டு, விற்பவரின் கராஜில் அல்ல, உங்கள் பாஸிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணுங்கள். காற்றுப் பை உள்ளதென்றால் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் உயரத்தை அளந்து பாருங்கள்.

மூன்று, கியர்பெட்டி, சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர் மூன்றுக்கும் முன்கூட்டியே விலை கேளுங்கள். அந்தத் தொகையைத் தனியே ஒதுக்க முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

நான்கு, சரக்குப் பணத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்தப் பெருநாளுக்குப் பக்கத்துக் கடையில் தொங்கிய டிசைன் என் கடையில் இல்லை. பத்து வருட வாடிக்கையாளர்கள் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். ஜீப்பை பிறகு விற்றுவிட்டேன். வாங்கிய விலைக்குக் குறையவில்லை. போன வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. இனி அவசரப்படக் காரணமில்லை. புரோக்கர் அவசரப்படுத்தினால் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணக்குப் பாருங்கள்.